டொராண்டோவுக்கு ஒரு பெட்டிப் புத்தகம்

“டொராண்டோவில் என் புத்தகத்தைக் கேட்கிறார்கள். எப்படி அனுப்புவது?” வானொலிப் பேட்டி முடிந்து ஒலிவாங்கியை அணைத்ததும் நம் எழுத்தாளர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது.

கேட்பதில் வியப்பில்லை. டொராண்டோவும் அதன் ஸ்கார்பரோ பகுதியும் தமிழர்கள் நிறைந்த இடங்கள். ‘இயல் விருது’ வழங்கும் தமிழ் இலக்கியத் தோட்டம் 2001 முதல் அங்கிருந்துதான் இயங்குகிறது. வாசகர்கள் இருக்கிறார்கள். வழிதான் சிக்கல்.

25 கனடிய டாலர் விலையுள்ள ஒரு நூலைக் கோலாலம்பூரிலிருந்து தனியாக அஞ்சலில் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். புத்தகத்துக்கு அங்கே சுங்கத் தீர்வை கிடையாது. ஆனால், அதற்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. வரி 1 டாலர் 25 காசுதான். அதை வசூலித்துத் தருவதற்கு அஞ்சல் நிறுவனம் வாங்கும் கையாளும் கட்டணமோ ஏறக்குறைய 10 டாலர்! வாசலில் இந்தத் தொகையைக் கட்டியவர் அடுத்த நூலை வாங்க யோசிப்பார். 60 டாலர் வரையிலான அன்பளிப்புக்கு வரிவிலக்கு உண்டுதான். அதற்காக விற்கும் நூலை அன்பளிப்பு என்று எழுதி அனுப்பலாமா? கூடாது.

கனடாவிலேயே உள்ள விநியோகக் கிடங்கு இதற்கு ஒரு தீர்வு. நூல்களைப் பெட்டியாகக் கப்பலில் அனுப்பினால் சுங்கச் சோதனையும் வரியும் ஒரே தடவையில் முடியும். பிறகு ஒவ்வொரு நூலும் உள்நாட்டுப் பொட்டலமாகச் சில நாள்களில் வீடு சேரும். ஒண்டாரியோவில் அச்சு நூலுக்கு மாநில வரி இல்லை என்பதால் வாசகர் அந்த 5 விழுக்காட்டை மட்டும் செலுத்துவார். வாசலில் கூடுதல் கட்டணம் இருக்காது.

கிடங்குதானே என்று சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2002இல் அமேசான் கனடாவில் இணைய விற்பனையைத் தொடங்கியபோது, புத்தக வணிகத்தில் வெளிநாட்டு உரிமைக்குக் கட்டுப்பாடு இருந்ததால் சொந்தக் கிடங்கு வைக்கவில்லை. கனடா அஞ்சல் நிறுவனத்தின் துணை நிறுவனம்தான் நூல்களை அனுப்பிவைத்தது. 2010இல், உள்ளூர்ப் புத்தகக் கடைக்காரர்களின் எதிர்ப்புக்கிடையே அரசாங்கம் அனுமதி தந்த பிறகே சொந்தக் கிடங்கு வந்தது. நூல் எங்கிருந்து புறப்படுகிறது என்பது ஓர் அரசாங்கமே முடிவெடுக்க வேண்டிய விஷயமாக இருந்தது.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பெட்டியை இறக்குமதி செய்பவர் யார் என்பது. பெரும்பாலான கிடங்குகள் அந்தப் பொறுப்பை ஏற்பதில்லை. நீங்களே பதிவு செய்துகொள்ள வேண்டும், அல்லது அங்குள்ள ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். இரண்டாவது, வாடகை. விற்காமல் தூங்கும் நூலுக்கும் மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும்.

ஆகவே, முதலில் அங்குள்ள உறவினர், நண்பர், வாசகர் வட்டம் என எல்லாரிடமும் கேட்டு, உறுதியாக வாங்குவோரைப் பட்டியல் போடுங்கள். பத்துப் பேர் என்றால் அஞ்சலே போதும். நூறு பேர் என்றால் பெட்டியைக் கட்டத் தொடங்கலாம்.