கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது?

எங்கள் ஊரில் கிராம சபைக் கூட்டம் வேப்பமரத்தடியில் நடக்கும். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள், ஆண்கள் டீக்கடைப் பக்கம் நின்றபடி கேட்பார்கள். தலைவர் பேசி முடிப்பதற்குள் பெரிய நோட்டு ஒன்று கைமாறத் தொடங்கிவிடும். வரிசையாகக் கையெழுத்து, இடையிடையே கைநாட்டு. சில ஆண்டுகளுக்கு முன் அந்த நோட்டு என் கைக்கு வந்தபோது முந்தைய பக்கத்தைப் புரட்டினேன். வெறும் தாள். "தீர்மானமெல்லாம் அப்புறம் எழுதிக்குவோம் தம்பி, நீங்க போடுங்க" என்றார் ஊராட்சிச் செயலாளர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். படமும் வந்தவர்கள் எண்ணிக்கையும் அன்று மாலைக்குள் மேலே போயாக வேண்டும், அந்த அவசரம் அவருக்கு. ஆனால் எங்கள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வருமா வராதா என்பது அந்த வெறும் தாளில்தான் பிறகு எழுதப்படும்.

1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். வளர்ச்சித் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவது, தணிக்கை அறிக்கையைப் பரிசீலிப்பது, நடக்கும் வேலைகளைக் கேள்வி கேட்பது எல்லாம் இந்தச் சபையின் உரிமை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள்களில் கூடி வந்த சபை, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கூடுகிறது. ஏழு நாள் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். கூட்டம் முடிந்த மறுநாள் வீடு வீடாக நோட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவது இந்தக் கணக்கை நிரப்பத்தான். உங்கள் வாசலுக்கு அப்படி நோட்டு வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

தலைவரைக் குறை சொல்வதற்கு முன் அவர் கையில் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் ஆகியவை பல சிறு ஊராட்சிகளில் தெருவிளக்கு, மோட்டார் மின்கட்டணத்துக்கே போதாது. ஒன்றிய அரசின் பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் (2021–26) 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்பது விதி. "பணம் வந்திருக்கே, ரோடு போடக் கூடாதா?" என்று கேட்பவருக்கு இது தெரியாது, தலைவரும் எடுத்துச் சொல்வதில்லை. இத்தனை நெருக்கடிக்குள்ளும் கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் சொந்தமாகக் காற்றாலை வாங்கி, மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது.

ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது விதி. முறைகேட்டைத் தடுக்க வந்த ஏற்பாடுதான். இருவருக்கும் ஆகவில்லை என்றால் இதுவே முட்டுக்கட்டை ஆகிவிடும். துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுத்தால் தொட்டி இயக்குபவருக்குச் சம்பளம் நிற்கும், மோட்டார் பழுது அப்படியே கிடக்கும். பட்டியல் சாதித் தலைவர்களுக்கு எதிராக இது ஆயுதமாகவே பயன்பட்டதுண்டு. எதிர்ப்பு காசோலையோடு நின்றதும் இல்லை. மதுரை மாவட்டம் மேலவளவில் 1997-இல் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் பயணித்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகாச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 1996 முதல் பத்து ஆண்டுகள் முறையான தேர்தலே நடத்த முடியவில்லை. பழைய கதை என்று இதை ஒதுக்கவும் முடியாது. 2020-இல் கடலூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பெண் தலைவர் மன்றக் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் வந்த திருத்தத்தின்படி, பட்டியல் சாதி, பழங்குடி உள்ளாட்சிப் பிரதிநிதியைத் தன் கடமையைச் செய்யவிடாமல் தடுப்பதே குற்றம். காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுக்க முடியாது.

தமிழ்நாட்டு ஊராட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடங்கள். "தலைவர் வீட்டுக்காரர்" என்று ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால், அவரை எழுந்திருக்கச் சொல்லச் சபைக்கு உரிமை உண்டு. டிஜிட்டல் கையொப்பம் போடும் கருவி மனைவியின் பெயரில் இருக்கும், கணவரின் சட்டைப்பையில் கிடக்கும். முறைகேடு வெளிப்பட்டால் வழக்கு வருவது யார் பெயரில் என்பதைப் பெண் தலைவர்கள் ஒருமுறை யோசித்தால் அந்தக் கருவி அவர்களின் கைக்குத் திரும்பிவிடும்.

27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பு, நடக்கவில்லை. அதிகாரம் தனி அலுவலர்களிடம் போனது. 2016-க்கும் 2019-க்கும் இடையிலும் இதே கதைதான். ஒரு வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் பல ஊர்கள் என்றால், உடைந்த குழாயைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது? ஆனால் தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை கலைவதில்லை. அதன் உறுப்பினர் நீங்கள், உங்களுக்குப் பதவிக்காலம் கிடையாது.

சபையின் தீர்மானம் வெறும் காகிதம் என்று சொல்பவர்களுக்கு மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியைக் காட்டலாம். 2024 நவம்பர் 23-இல் மேலூர் வட்டார ஊராட்சிகள் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டன. மக்கள் தெருவில் இறங்கினார்கள், சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு சுரங்க ஏலத்தை ரத்து செய்தது.

சந்தேகம் வந்தால் முதலில் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் உங்கள் ஊராட்சியைத் தேடிப் பாருங்கள். திட்டமும் வரவு செலவும் அங்கே இருக்கும். பிறகு பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டுத் தீர்மான நகலும், செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தின் நகலும் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் மாதிரி எடுக்கவும்கூட அந்தச் சட்டம் இடம் தருகிறது. இது பலருக்குத் தெரியாது. முறைகேடு உறுதியாகத் தெரிந்தால் திங்கட்கிழமை ஆட்சியரிடம் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அங்கும் அசையவில்லை என்றால் உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்கு எழுதலாம்.

எங்கள் ஊரில் போன கூட்டத்தில் நோட்டைச் சுற்ற விடவில்லை. எழுதியதை வாசித்த பிறகே கையெழுத்து என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். செயலாளர் ஒவ்வொன்றாக வாசித்தார். "தெற்குத் தெருவில் கழிவுநீர்க் கால்வாய் அமைத்த பணிக்கு ஒப்புதல்" என்று வந்தபோது ஒரு கிழவி எழுந்தார். "எங்க வாசல்ல ஏதுப்பா கால்வா? வந்து காட்டு." கூட்டம் அப்படியே தெற்குத் தெருவுக்கு நடந்தது. கால்வாய் பாதித் தெருவோடு நின்றிருந்தது. திரும்பி வந்ததும் அந்த வரி அடிக்கப்பட்டு, பணி முடியவில்லை என்று எழுதப்பட்டது. கிழவி அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கைநாட்டு வைத்தார்.