மகனுக்கு ஒரு விளையாட்டுக் கணினி

நம் சங்கத்து அன்பர்கள் பலர் இல்லத்தில் எழும் வினா ஒன்று, சென்ற தீபாவளிக்கு என் இல்லத்திலும் எழுந்தது. ஒன்பதாம் வகுப்பில் பயிலும் என் மகன், விளையாட்டுகள் ஆடத் தகுந்த கணினி வேண்டுமென்றான். எங்கள் இரயில்வே போனஸ் 78 நாள் ஊதியம் எனப் பெயர் பெற்றிருப்பினும், 17,951 ரூபாய்க்கு மேற்படாது. அதனோடு ஓராண்டுச் சேமிப்பையும் சேர்த்துக்கொண்டு, இருவரும் கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கி லாமிங்டன் சாலைக்குச் சென்றோம்.

முதற்கடையில் வண்ண விளக்குகள் மின்னும் பெட்டியொன்றைக் காட்டினர். மகன் மயங்கினான், மெய்யாகச் சொன்னால் நானும் மயங்கினேன். உள்ளிருப்பது யாதெனக் கேட்டபின்னரே, அதன் இன்டெல் பிராசஸரின் பெயர் 'எஃப்' என்னும் எழுத்தில் முடிவது தெரிந்தது. அவ்வெழுத்துடையவற்றில் கிராபிக்ஸ் பகுதி இராது. தனிக் கார்டு வாங்கினாலன்றித் திரையில் படம் தோன்றாது. கார்டின் விலையோ அவர்கள் கூறிய விலையில் அடங்கவில்லை.

அடுத்த கடையில், அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கணினிகள் மலிவாகக் கிடைத்தன. ஆயின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் பிராசஸர்களைப் பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. அன்றியும், சிறிய அலுவலகப் பெட்டிகளில் பெரிய கார்டைப் பின்னர் பொருத்த இடமும் போதாது, மின்சாரமும் போதாது.

ஆகவே கிராபிக்ஸ் பகுதியைத் தன்னுள்ளே கொண்ட ரைசன் 5 5600ஜி என்னும் பிராசஸரைத் தேர்ந்தோம். அது கணினியின் ராம் நினைவகத்தையே பகிர்ந்துகொள்ளும். ஆதலின் 16 ஜிபி ராமை ஒரே துண்டாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு வாங்குதல் நன்று, வேகம் மிகும். பழைய ஹார்டு டிஸ்கைத் தவிர்த்து எஸ்எஸ்டி வாங்கினோம். பவர் சப்ளையில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. '80 பிளஸ்' முத்திரையுள்ளதாய், பின்னொரு நாள் கார்டு சேர்த்தாலும் தாங்குவதாய்க் கேட்டு வாங்கினேன். ரசீதையும் உத்தரவாதச் சீட்டுகளையும் பத்திரப்படுத்தினேன்.

புதிய பெரிய விளையாட்டுகள் இதில் செவ்வனே ஓடா. அதில் மகனுக்கு வருத்தமே. எனினும் மைன்கிராப்டும் வேலோரண்டும் தடையின்றி ஓடுகின்றன.

கணினி வேண்டாமென்று முதலில் மறுத்தவள் என் மனைவி. நாங்கள் தமிழில் கேட்டால் மகன் இந்தியில் விடையளிப்பது அவளுக்கு நெடுநாளைய மனக்குறை. முதல் ஞாயிறன்று சங்கரன்கோவிலிலுள்ள அத்தை மகனோடு சேர்ந்து ஆடியவன், "ஏலே, அந்தப் பக்கம் போகாதலே!" என்று கூவியதைக் கேட்டு, அவள் சமையற்கட்டிலிருந்து வந்து வாயிற்படியில் நின்றுவிட்டாள். பள்ளிப் பாடம் முடிந்தபின் நாளைக்கு ஒரு மணி நேரம் என்று விதித்தவளும் அவளே. ஞாயிறன்று மட்டும் இரண்டாக்கியிருக்கிறாள்.

கார்டுக்கு அடுத்த போனஸ் வரட்டும் என்றிருக்கிறோம்.