கழிவறைக் கதவால் கரை சேர்ந்த படகு!
தனி ஆளாக உலகைச் சுற்றிய கேரள வீரர்

நடுக்கடலில் படகு பழுதானால் துறைமுகத்துக்குப் போய், உதிரி பாகம் வரும்வரை காத்திருக்கலாம். ஆனால் "கோல்டன் குளோப்" பந்தயத்தில் அப்படிக் கரைக்குப் போனால் பரிசு போச்சு!

இந்தப் பாய்மரப் படகுப் பந்தயம் 2022 செப்டம்பர் 4-ந் தேதி பிரான்சில் தொடங்கியது. எங்கும் நிற்காமல், பிறர் உதவி இல்லாமல் தன்னந்தனியாக உலகைச் சுற்றி வரவேண்டும். 16 பேர் புறப்பட்டார்கள்.

தூங்கினால் யார் ஓட்டுவது?

ஓட்டுகிறவர் தூங்கும்போது, காற்றின் போக்கைப் பார்த்துப் படகைச் செலுத்த ஒரு கருவி உண்டு. அது கெட்டால் தூக்கமும் கெட்டது!

முன்னணியில் இருந்த இங்கிலாந்து வீரர் சைமன் கர்வனுக்கு அந்தக் கருவி உடைந்தது. அவர் சிலி நாட்டுக்குப் போய் பழுது பார்த்தார். முதல் ஆளாகத் திரும்பி வந்தும் அவருக்கு முதல் இடம் கிடைக்கவில்லை.

கதவை அறுத்தார்

இந்தியக் கடற்படை முன்னாள் அதிகாரி அபிலாஷ் டோமிக்கும் இதே தொல்லைதான். ஆனால் அவர் கரைப்பக்கம் போகவில்லை. அவசரத்துக்கு வைத்திருந்த மாற்றுச் சுக்கான், மேஜை, கடைசியில் கழிவறைக் கதவு! எல்லாவற்றையும் அறுத்துக் கருவிக்குப் பலகை செய்து மாட்டினார்.

2018-ல் இதே பந்தயத்தில் புயலில் சிக்கி, பாய்மரமும் முதுகெலும்பும் முறிந்து, அசைய முடியாமல் படகில் கிடந்தவர் இவர். 3 நாள் கழித்து பிரெஞ்சுக் கப்பல் மீட்டது.

அதே மனிதர், 236 நாள் பயணம் முடிந்து 2023 ஏப்ரல் 29-ந் தேதி கரையேறினார். கிடைத்தது 2-வது இடம்!

முதல் பரிசு தென் ஆப்பிரிக்க வீராங்கனை கிர்ஸ்டன் நியூஷேபருக்கு.