அச்சம் அறியாத தீவுகள்

தென் அமெரிக்காவின் மேலைக் கரையில் ஈக்வடார் என்னும் நாடு உள்ளது. அந்நாட்டிற்கு மேற்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில், பசிபிக் மாகடலில், நிலநடுக்கோட்டை ஒட்டி ஒரு தீவுக் கூட்டம் அமைந்துள்ளது. அதனைக் கலாபகஸ் தீவுகள் என்பர். அங்கு வாழும் அரிய உயிர்களைக் காண்பதற்கென்றே பல நாட்டு மக்களும் கப்பற் பயணம் மேற்கொள்கின்றனர். சிறு கப்பல்களில் தங்கும் அவர்கள், பெரும்பாலும் இரவில் பயணம் செய்து, பகலில் தீவுகளில் இறங்கிச் சுற்றிப் பார்ப்பர்.

முதல் நாளிலேயே ஒரு புதுமை அவர்கள் கண்ணிற்படும். இறங்குதுறைப் படிகளில் கடற்சிங்கங்கள் படுத்து உறங்கும். மனிதரைக் கண்டு எழுந்து ஓடா. நடைபாதையின் ஓரத்திலேயே நீலக் கால்களையுடைய கடற்பறவை முட்டைகளை அடைகாத்திருக்கும். காலடி ஓசை கேட்டும் பறந்து செல்லாது. பிற நாடுகளில் மனிதனின் நிழலைக் கண்டாலே விலகி ஓடும் உயிர்கள், இங்கு மட்டும் அஞ்சாதிருப்பது ஏன்?

இவ்வினாவிற்கு விடை அத்தீவுகளின் பிறப்பிலேயே உள்ளது. அவை எரிமலைகளால் தோன்றியவை. கடலடித் தரைக்குக் கீழே, நிலவுலகின் ஆழத்தில், மிகுந்த வெப்பமுடைய இடம் ஒன்று உண்டு. அங்கிருந்து எழும் பாறைக் குழம்பு மேலே பொங்கி இறுகி மலையாகிறது. அது நீர்மட்டத்திற்கு மேல் உயர்ந்தபோது தீவாகிறது. கடலடித் தரையோ ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் கிழக்கு நோக்கி நகர்கிறது. விளக்குச் சுடரின்மேல் ஓர் ஓலையை மெல்ல இழுத்தால் சுட்ட தடங்கள் வரிசையாகத் தோன்றுமன்றோ? அங்ஙனமே தீவுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. கிழக்கேயுள்ள எஸ்பனோலா, 30 இலட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது. மேற்கேயுள்ள பெர்னாண்டினாவோ 2024-ஆம் ஆண்டிலும் தீக்குழம்பைக் கக்கியது.

கடலின் நடுவே தோன்றிய இத்தீவுகள் எக்காலத்தும் கண்டத்தோடு இணைந்திருந்தனவல்ல. ஆதலின், பறக்கவும் நீந்தவும் மிதக்கவும் வல்ல உயிர்களே இவற்றை அடைந்தன. புலி, ஓநாய் போன்ற பெரிய வேட்டை விலங்குகள் வந்து சேரவில்லை. தரையில் துரத்துவார் இன்மையால், ஓட வேண்டிய தேவையும் எழவில்லை. இங்குள்ள நீர்க்காகம் ஒன்று பறக்கும் ஆற்றலையே இழந்தது. கடற்பேரோந்தி என்னும் பல்லியினம் கடலில் மூழ்கிப் பாசியைத் தின்று வாழ்கிறது. உடலில் மிகும் உப்பை மூக்கின் வழியே சிதறித் தள்ளுகிறது. குளிர்ந்த கடல் நீரோட்டங்கள் தீவுகளைச் சூழ்வதால், வெப்ப மண்டலத்திலேயே பென்குவின்களும் வாழ்கின்றன. 1835-இல் இங்கு வந்த சார்லஸ் டார்வின், பறவைகள் தீவுக்குத் தீவு மாறுபட்டிருப்பதைக் குறித்துக்கொண்டார். உயிரினங்கள் மாறிவருவன என்னும் அவருடைய கொள்கைக்கு அக்குறிப்புகள் பெருந்துணையாயின.

ஆனால், அச்சமின்மையே இவ்வுயிர்களுக்குக் கேடாகவும் முடிந்தது. 1535-இல் பனாமாவின் ஆயர் தோமாஸ் தே பெர்லாங்கா சென்ற கப்பல், நீரோட்டத்தால் இழுக்கப்பட்டு இங்கு வந்தது. குடிநீர் கிடைக்காமல் கள்ளியைப் பிழிந்து பருகிய அப்பயணிகள், கையாற் பிடிக்கத்தக்க பறவைகளைக் கண்டு வியந்தனர். பின்னர்த் திமிங்கில வேட்டைக்காரர் வந்தனர். இங்குள்ள பேராமைகள் பல மாதங்கள் உணவும் நீருமின்றி உயிரோடிருக்கக் கூடியவை. ஆதலின், அவற்றை உணவுக்காகக் கப்பலின் அடித்தளத்தில் அடுக்கிச் சென்றனர். இவ்வாறு அழிந்தவை ஓர் இலட்சத்திற்குக் குறையா என்று கணிக்கின்றனர். மனிதர் கொண்டுவந்து விட்ட ஆடுகள், ஆமைகளின் உணவாகிய செடிகொடிகளை மேய்ந்து தீர்த்தன. பிண்டா என்னும் தீவின் ஆமையினத்தில் எஞ்சியிருந்த ஒரே ஆமை 2012-இல் இறந்தது. அதனோடு அவ்வினமும் மறைந்தது.

அழித்த மனிதனே காக்கவும் முற்பட்டான். 1959-இல் ஈக்வடார் அரசு இத்தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. எஸ்பனோலாத் தீவில் அப்போது எஞ்சியிருந்தவை இரண்டு ஆண் ஆமைகளும் பன்னிரண்டு பெண் ஆமைகளுமே. அவற்றைச் சாந்தா குரூஸ் தீவிற்குக் கொண்டு சென்று பேணினர். அமெரிக்க விலங்குக் காட்சிச்சாலை ஒன்றிலிருந்து மற்றோர் ஆண் ஆமையும் வந்து சேர்ந்தது. எஸ்பனோலாவிலிருந்த ஆடுகளும் அகற்றப்பட்டன. பிறந்த குஞ்சுகள் வளர்ந்தபின் தாய்த்தீவில் விடப்பெற்றன. அங்கு ஆமைகள் ஏறத்தாழ 2,000 ஆகப் பெருகின. 2020-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், அப்பதினைந்து முதிய ஆமைகளும் தம் தீவிற்கே திரும்பின.

இன்று அங்குச் செல்லும் பயணிகள் கடுமையான விதிகளுக்கு உட்பட வேண்டும். ஒரு கப்பலில் 100 பேருக்கு மேல் செல்லுதல் ஆகாது. கரையிறங்குவோர் வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும். குறித்த பாதையை விட்டு விலகலாகாது. விலங்குகளிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அவற்றைத் தொடவோ, அவற்றிற்கு உணவிடவோ கூடாது. அயல் விதை ஒன்றும் புகாதபடி பயணிகளின் மூட்டைகளும் சோதிக்கப்பெறுகின்றன.

இவ்விதிகள் மிகையெனச் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும் பறவை தன் கூட்டருகே வந்து நிற்கும் மனிதனைக் கண்டு விலகாதிருக்கிறது. முன்னோர் செய்த தீங்கை அஃது அறியாது. அந்நம்பிக்கை பொய்யாகாமற் காப்பது, அதன்முன் நிற்கும் மனிதனின் கடமையே அன்றோ?