நிலக்கரி இல்லாத மண்ணில் கரிச்சுரங்கம்

தென்கேரளத்தில் அமரவிளை, பாறசாலைப் பக்கம் மண் எடுக்கும்போது பழைய செங்கல் சுரங்கம் ஒன்று வாய் திறந்து, உள்ளே தரையெல்லாம் கறுப்புத் தூளாகக் கிடந்தால், ‘நிலக்கரி எடுத்த குகை’ என்றுதான் ஊரில் பேச்சு எழும். ஆனால் இந்தப் பாறையில் நிலக்கரி இருக்க வழியே இல்லை. ராணிகஞ்சிலும் சிங்கரேணியிலும் நிலக்கரியாக வெட்டுவது சுமார் 25 முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் புதைந்த காடு. தென்கேரளத்தின் கொண்டலைட் பாறையோ சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமிக்கடியில் வெந்து உருமாறிவிட்டது. தரையில் மரம் என்பதே இல்லாத காலம் அது. அதற்கும் முந்தைய சேற்றிலிருந்த கரிமம் அந்தச் சூட்டில் கிராஃபைட்டாக மாறியது.

கிராஃபைட்டுக்காகத் திருவிதாங்கூரில் உண்மையாகவே சுரங்கம் வெட்டினார்கள். அமரவிளைக்கு வடக்கே வெள்ளநாட்டில் லண்டனின் மோர்கன் குரூசிபிள் கம்பெனி தோண்டியது. ஆழம் கூடக் கூடச் செலவு கட்டுப்படியாகாமல் 1912 வாக்கில் வேலை நின்றது. களிமண்ணோடு கிராஃபைட் கலந்து அவர்கள் செய்த மூசை, அதாவது உலோகம் உருக்கும் கலம், உலோகம் உருகும் சூட்டிலும் வெடிக்காமல் நின்றது. ஒரு காலத்தில் நம்மோடு ஒட்டிக் கிடந்த இலங்கையின் போகலையில் இன்றும் கிராஃபைட் எடுக்கிறார்கள்.

சரி, செங்கல் எதற்கு? மலைச்சரிவில் படுக்கையாகக் குடையும் சுரங்கத்துக்கு ஆபத்தான இடம் வாய்ப்பகுதிதான். அங்கே வெட்டுக்கல்லும் மக்கிய பாறையும் மழையில் ஊறிச் சரியும். அதனால் மரச்சட்டம் நிறுத்தி, அதன்மேல் வளைவாகச் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசுவார்கள். மேலிருந்து அழுத்தும் மண்பாரம் கற்களை ஒன்றோடொன்று நெருக்கி, பக்கச் சுவர் வழியே தரைக்கு இறங்கிவிடும்; காரை காய்ந்ததும் சட்டத்தை உருவிவிடலாம். கெட்டிப்பாறை வந்ததும் செங்கல் நின்றுவிடும். ஊற்றுநீர் தானே வெளியேற, தரை வாயை நோக்கிச் சற்றே சரிந்திருக்கும்.

கறுப்புத் தூளை விரலில் தேய்த்துப் பாருங்கள். எண்ணெய் தொட்டதுபோல் வழுக்கி, ஈயநிறத்தில் மினுங்கி, தாளில் கோடு இழுத்தால் அது கிராஃபைட். தீக்குச்சி காட்டினால் பற்றாது.

இதையெல்லாம் வெளியில் கிடக்கும் தூளில் பார்த்தால் போதும். நெடுநாள் மூடிக்கிடந்த சுரங்கத்தில் உயிர்க்காற்று குறைந்திருக்கும். யாரும் உள்ளே போகக் கூடாது. வாயை மண்போட்டு மூடுமுன் செங்கல்லின் நீள அகலத்தை அளந்து, வளைவைப் படம் எடுத்து, தொல்லியல் துறைக்கும் புவியியல் துறைக்கும் சொல்லிவிடுங்கள்.