பண்ணைக் குட்டைத் தாளில் கசிவுச் சோதனை: எந்தக் கட்டத்தில்?

திராட்சையும் மாதுளையும் மிகுதியாகப் பயிராகும் மகாராஷ்டிரத்தின் நாசிக், சோலாப்பூர் மாவட்டங்களில், பருவமழைக் காலத்து நீரைப் பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டைகளில் தேக்கிக் கோடையில் பயன்படுத்தும் முறை பரவியுள்ளது. 2005-06இல் தொடங்கப்பட்ட தேசியத் தோட்டக்கலை இயக்கம் இத்தகைய குட்டைகளுக்கு நிதியுதவி அளித்தது. 500 மைக்ரான் தாளே பெரிதும் பயன்படுகிறது. அடுக்குப் பாலிஎத்திலீன் தாளுக்கென ஐ.எஸ். 15351 என்னும் இந்தியத் தர நிர்ணயமும் உண்டு. எனினும், தாள் தரமானது என்பதால் மட்டும் குட்டை நீரைத் தாங்கிவிடும் என்று கொள்வதற்கில்லை. துளைகள் பெரும்பாலும் களத்திலேயே உண்டாகின்றன.

எனவே, சோதனை தாள் விரிப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும். கூரிய கற்களையும் வேர்களையும் அகற்றிச் சரிவை உறுதியாக இடித்துச் சமன் செய்த பின்னர், மேற்பார்வையாளர் தரை முழுவதும் நடந்து பார்ப்பது அவசியம். செலவே இல்லாத சோதனை இது. ஆயினும் பெரும்பாலும் கைவிடப்படுவதும் இதுவே.

அடுத்த கட்டம் மூட்டுகளைப் பற்றவைக்கும் நாள். காலையில் வேலை தொடங்குமுன் துண்டுத் தாள்களை ஒட்டி இழுத்துப் பார்க்க வேண்டும்; ஒட்டு பிரியாமல் தாளே கிழியுமாயின் இயந்திரத்தின் வெப்பமும் வேகமும் சரி எனலாம். இரட்டைக் கோடாகப் பற்றவைத்த மூட்டுகளில் இடையே ஒரு காற்றுவழி அமைகிறது. அதன் இரு முனைகளையும் அடைத்து, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோகிராம் அழுத்தத்தில் காற்றேற்றி, 5 நிமிடம் அளவுமானியைக் கவனிக்க வேண்டும். பின்னர் மறுமுனையை வெட்டிவிட்டால் அழுத்தம் உடனே வீழ வேண்டும். வீழாவிடில் வழி நடுவில் அடைபட்டுள்ளது, சோதனை முழுமையாகவில்லை என்பது பொருள். இவை தாளின் மேல் மண்ணோ கல்லோ பரப்புமுன் முடிய வேண்டும். மண் பரப்பும்போதே மண்வெட்டியும் வண்டிச் சக்கரமும் புதிய துளைகளை இடக்கூடுமாதலால், பரப்பும் பணியைக் கண்காணிப்பதும் இன்றியமையாதது.

இறுதியானது நீர்ச் சோதனை. குட்டையைச் சிறிது சிறிதாக நிரப்பி, ஒவ்வொரு மட்டத்திலும் சில நாள் நிறுத்தி, அளவுகோலில் நீர்மட்டத்தைக் குறிக்க வேண்டும். ஆவியாகும் நீரைக் கழிக்க, நீர் நிறைந்த அகன்ற பாத்திரம் ஒன்றைக் குட்டையிலேயே பாதி அமிழ்த்தி வைக்கலாம். அதில் இறங்கும் அளவைவிடக் குட்டை மிகுதியாக இறங்குமாயின் எஞ்சியது கசிவே. நீர்ப்பரப்பு 30 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையதாயின், 1 சென்டிமீட்டர் இறக்கம் 9,000 லிட்டருக்குச் சமம்! மட்டம் ஓரிடத்தில் இறங்குவது நின்றுவிட்டால், துளை அம்மட்டத்தை ஒட்டியே இருக்கும். தேடும் பணி எளிதாகும்.

இச்சோதனைக்கு உரிய காலம், ஒப்பந்தக்காரரின் ஆட்களும் ஒட்டும் இயந்திரமும் களத்தை விட்டு நீங்குவதற்கு முன்பு ஆகும். இறுதித் தவணை நிலுவையில் இருத்தலும் நல்லது. ஆய்வுக்கு வரும் அலுவலர் நீளம், அகலம், ஆழம், தாளின் பருமன் ஆகியவற்றை அளந்து சான்றளிக்கிறார். நீர்மட்டப் பதிவேட்டையும் கேட்டல் தகும். முழுதும் நிரம்பிய குட்டையின் அடியில் உள்ள துளையை அடைக்க நீரை இறைத்து வெளியேற்ற நேரிடும். பிப்ரவரியில் அது தெரியவந்தால், அடுத்த மழை வரை தோட்டத்துக்கு விட வேறு நீர் இராது.