இல்லம் வந்த "மீரா"

சினிமா என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பெரியோர் இன்றும் உண்டு. நம் தொரப்பள்ளியில் 1878-ஆம் ஆண்டு பிறந்து, சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக உயர்ந்த மூதறிஞர் ராஜாஜி அவர்களும் சினிமாவை அவ்வளவாக விரும்பியவர் அல்லர். ஆயினும் அவருடைய அன்புக்குரிய தொண்டரான தி. சதாசிவம் தயாரித்து, அவர் துணைவியார் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் நடித்துப் பாடிய "மீரா" என்னும் படம், 1945-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த நாள் முதல் இன்று வரை மக்கள் உள்ளத்தில் குடியிருந்து வருகிறது. நம் கொள்ளுப் பாட்டிமார் அதைக் கொட்டகையில் பார்த்தார்கள். நாம் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பார்க்கிறோம்.

ஒரு படம் கொட்டகையை விட்டு இல்லம் வருவது எவ்வாறு? வரும்போது தன்னுடன் எதைக் கொண்டு வருகிறது? எதை வழியில் விட்டுவிடுகிறது? இவற்றை "மீரா"வை முன்வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படம் வீடு வந்த பாதை

வீடியோ வருவதற்கு நெடுங்காலம் முன்பே நம் மக்கள் படத்தை வீட்டுக்குக் கொண்டுவர வழி கண்டிருந்தார்கள். கொட்டகை வாசலில் சில காசுகளுக்குப் பாட்டுப் புத்தகம் விற்றது. அதில் எல்லாப் பாட்டுகளும், நடிகர் பெயர்களும், பாதிக் கதையும் இருக்கும். மீதியை வெள்ளித்திரையில் காணுமாறு சொல்லிக் கதையை முடித்துவிடுவார்கள்! வசதி படைத்தவர் வீட்டில் கிராமபோன் தட்டு சுழன்றது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் போலப் பாடும். பின்னர் வானொலியும், அதன்பின் கதை வசனத்தைப் பதிவு செய்த இசைத்தட்டுகளும் ஒலி நாடாக்களும் வந்தன.

வி.எச்.எஸ். என்னும் வீடியோ நாடா 1976-இல் ஜப்பானில் வெளியாயிற்று. அடுத்த பத்தாண்டில் அது நம் கிராமங்களுக்கும் வந்து சேர்ந்தது. தொலைக்காட்சிப் பெட்டியையும் "டெக்"கையும் வாடகைக்கு எடுத்து, தெருவே கூடி விடிய விடிய மூன்று படம் பார்த்ததை நம் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாடா ஓட ஓடத் தேயும். படத்தில் வெள்ளைக் கோடுகள் மழையாய்ப் பெய்யும்.

1993-இல் வி.சி.டி. வந்தது. ஒரு தட்டில் 74 நிமிடப் படமே கொள்ளும். ஆகவே தமிழ்ப் படம் ஒன்றுக்கு இரண்டு, மூன்று தட்டுகள் வேண்டியிருந்தன. 1996-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டி.வி.டி. இந்தக் குறையைத் தீர்த்தது. முழுப் படமும் ஒரே தட்டில் அடங்கியதோடு, மேலும் இடம் மிஞ்சியது. அந்த மிச்ச இடத்தில் எதை வைப்பது? இங்கேதான் "இணைப்புகள்" என்பவை பிறந்து வளர்ந்தன.

இணைப்புகள் என்பவை யாவை?

படத்துடன் சேர்த்துத் தரப்படும் கூடுதல் பகுதிகளே இணைப்புகள். வெட்டி நீக்கிய காட்சிகள், படம் எடுத்த விதம் பற்றிய செய்திப்படம், நடிகர் பேட்டி, பழைய விளம்பரம் ஆகியவை இவற்றுள் அடங்கும். எல்லாவற்றிலும் சிறந்தது உடனுரை எனலாம். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதை எடுத்தவர் அருகில் அமர்ந்து விளக்கிச் சொல்வது போன்ற ஒலிப்பதிவு அது. டி.வி.டி.க்கு முன்பிருந்த லேசர் டிஸ்க் என்னும் பெரிய தட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலித்தடங்கள் இருந்தன. ஒன்றில் படத்தின் ஒலியை வைத்து, மற்றொன்றில் விளக்கவுரையை வைத்தார்கள். 1984-இல் "கிங் காங்" என்ற பழைய படத்தின் தட்டில் இது முதன்முதலாகச் செய்யப்பட்டது.

நம் அருட்சகோதரியர் பலருக்கும் பிடித்த "சவுண்ட் ஆஃப் மியூசிக்" படத்தை எடுத்துக்கொள்வோம். 1965-இல் வெளிவந்த இந்தப் பாட்டுப் படம் நாடாவாகவும், லேசர் டிஸ்க்காகவும், டி.வி.டி.யாகவும், புளூ-ரேயாகவும் பலமுறை வீடு வந்திருக்கிறது. இதன் இயக்குநர் ராபர்ட் வைஸ் தம் குரலிலேயே படத்தை விளக்கிச் செல்கிறார். 2005-இல் வந்த நாற்பதாம் ஆண்டுப் பதிப்பில் மரியாவாக நடித்த ஜூலி ஆண்ட்ரூசும், கேப்டனாக நடித்த கிறிஸ்டோபர் பிளம்மரும் பேசுகிறார்கள். ராபர்ட் வைஸ் அந்த 2005-ஆம் ஆண்டிலேயே காலமானார். பிளம்மர் 2021-இல் மறைந்தார். ஆனால் அவர்கள் குரல்கள் தட்டில் இருக்கின்றன. அதை இயக்குபவர் எந்த நாட்டில் இருந்தாலும் அவர்களிடம் பாடம் கேட்கலாம்.

இப்படத்தைப் பற்றி இவ்வாறு தெரிய வந்தவை பல. சால்ஸ்பர்க் நகரின் நோன்பெர்க் கன்னியர் மடத்தின் வாயிலில் படம் பிடித்தார்கள். மடத்தின் உட்புறமோ அரங்கில் கட்டிய செட்டு. உண்மையான மரியா அம்மையாரே ஒரு காட்சியில் பின்னணியில் நடந்து போகிறார். படத்தில் அக்குடும்பம் மலையேறித் தப்புகிறது. மெய்யாகவோ அவர்கள் 1938-இல் இரயிலேறி இத்தாலிக்குச் சென்றார்கள். படம் எது, வரலாறு எது என்று பிரித்தறிய இணைப்புகள் நமக்குக் கற்றுத் தருகின்றன அன்றோ?

"மீரா" நம்மிடம் வந்த கோலம்

இனி "மீரா"வுக்கு வருவோம். நாங்கள் பார்த்த தட்டில் படம் இருந்தது. பாட்டுகளை மட்டும் தேர்ந்து கேட்க ஒரு பட்டியல் இருந்தது. வேறொன்றும் இல்லை. வெளியிட்ட நிறுவனத்தின் முத்திரை மட்டும் படத்தின் மூலையில் கடைசி வரை ஒட்டிக்கொண்டிருந்தது. வசனத்துக்கு ஆங்கில வரிகள் ஓடின. பாட்டு தொடங்கியதும் அவை நின்றுபோயின. பாட்டே கதையாக அமைந்த படத்தில் பாட்டுக்குப் பொருள் தராவிட்டால், தமிழ் அறியாதவர் என்ன செய்வார்? எங்கள் வகுப்பில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் பலர். அவர்கள் பாட்டிமாருக்கு மீராபாயைத் தெரியும். தமிழ்ப் பாட்டின் பொருள்தான் தெரியாது.

இன்னொரு குறையும் உண்டு. அக்காலப் படத்தின் சட்டம் ஏறக்குறையச் சதுரமானது. நான்கு பங்கு அகலமென்றால் மூன்று பங்கு உயரம். இன்றைய தொலைக்காட்சியோ நீண்டு அகன்றது. திரை முழுவதையும் நிரப்ப வேண்டுமென்று படத்தை இழுத்தால் முகங்கள் பருத்துவிடும். பெரிதாக்கினால் தலை வெட்டுப்படும். இருபுறமும் கறுப்புப் பட்டை விழுந்தாலும் பரவாயில்லை என்று விடுவதே முறையாகும். "மீரா"வில் இது ஏன் முக்கியம் என்பதை இனி வரும் செய்தி உணர்த்தும்.

சிதறிக் கிடக்கும் செல்வங்கள்

"மீரா"வை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். அவருக்குத் தமிழ் தெரியாது! 1935-இல் இந்தியா வந்தவர், "சகுந்தலை", "மீரா" ஆகிய படங்களைத் தமிழில் இயக்கினார். எம்.எஸ். அம்மையாரின் முகத்துக்கு எந்த ஒளி எப்படிப் பொருந்தும் என்று அறிய, அவருடைய முகத்தைச் சாந்தில் சிலையாக வடிக்கச் செய்தார். ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியுடன் சேர்ந்து, அச்சிலை மீது பல கோணங்களில் விளக்கொளியைப் பாய்ச்சிப் படமெடுத்துப் பார்த்தார். அதன் பின்னரே அம்மையாரைப் படம் பிடித்தார். அவ்வளவு கவனமாய் ஒளியூட்டிய முகத்தை நம் வீட்டுத் திரையில் இழுத்துக் கெடுப்பது தகுமா?

இந்தச் சிலைச் செய்தி தட்டில் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! இதைப் போன்றவை இன்னும் உண்டு.

படம் 1947-இல் இந்தியிலும் வெளிவந்தது. அதற்கு முன்னுரையாகக் கவிக்குயில் சரோஜினி நாயுடு அம்மையாரே திரையில் தோன்றி, எம்.எஸ். அம்மையாரை மக்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார். இணைப்பு என்ற பேச்சே இல்லாத நாளில் அமைந்த அருமையான இணைப்பு அது. இந்திப் படத்துக்காக எடுத்ததாதலால், தமிழ்ப் படத்தை மட்டும் பார்ப்பவர் அதைக் காண முடிவதில்லை.

சிறுமி மீராவாக நடித்தவர் சதாசிவம் அவர்களின் மகள் ராதா. ஒரு பாட்டின் நடுவிலேயே சிறுமி வளர்ந்து இளம்பெண்ணாகிவிடுகிறாள். மகள் முகம் மறைந்து அன்னை முகம் தோன்றுகிறது. அதே ராதா பிற்காலத்தில் அம்மையாருடன் மேடைகளில் சேர்ந்து பாடினார். 1966-இல் ஐக்கிய நாடுகள் சபையில் நடந்த கச்சேரியிலும் உடன் பாடினார். அங்கே உலக அமைதிக்காகப் பாடிய ஆங்கிலப் பிரார்த்தனையை எழுதியவர் நம் ராஜாஜி. அதற்கு மெட்டமைத்தவர் சென்னை இசைக் கலைஞர் ஹேண்டல் மானுவேல்.

பாட்டுகளை எழுதியோர் பாபநாசம் சிவனும் எழுத்தாளர் கல்கியும். இசையமைத்தவர் எஸ்.வி. வெங்கடராமன். சிறிய வேடமொன்றில் வருபவர் பின்னாளில் முதலமைச்சரான எம்.ஜி.ஆர். டங்கனின் வாழ்வைப் பற்றி 2013-இல் கரண் பாலி என்பவர் ஒரு செய்திப்படமே எடுத்திருக்கிறார்.

ஆக, "மீரா"வுக்கு இணைப்புகள் இல்லாமலில்லை. ஒன்று நூலில் இருக்கிறது, ஒன்று இன்னொரு மொழிப் படத்தில் இருக்கிறது, ஒன்று தனிப்படமாக இருக்கிறது. ஓரிடத்தில் கூட்டிச் சேர்க்க ஆளில்லாமல் கிடக்கின்றன. டங்கன் 2001-இலும், எம்.எஸ். அம்மையார் 2004-இலும், ராதா 2018-இலும் மறைந்தார்கள். டி.வி.டி. பிறந்தபோது மூவரும் உயிரோடிருந்தார்கள் என்பதை எண்ணும்போது உள்ளம் வருந்துகிறது. ஒரு மாலைப் பொழுதில் அவர்கள் முன் படத்தை ஓடவிட்டு, அருகில் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை வைத்திருந்தால் போதுமே!

காலம் காத்திருக்குமா?

தமிழின் முதல் பேசும் படமான "காளிதாஸ்" 1931-இல் வந்தது. இன்று அதன் பிரதி கிடைக்கவில்லை. அக்காலப் படச்சுருள் நைட்ரேட் என்னும் பொருளாலானது. எளிதில் தீப்பற்றும், பற்றாவிட்டாலும் நாளடைவில் தானே சிதைந்து பொடியாகும். பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அமைந்ததே 1964-இல்தான். அதற்குள் எத்தனையோ படங்கள் அழிந்துவிட்டன. எஞ்சியவற்றைக் காப்பதே பெரும்பாடு என்னும்போது, எடுத்தவர்களின் நினைவுகளைக் காக்க யார் முன்வந்தார்கள்?

இப்போது தட்டுகளின் காலமும் முடிந்து வருகிறது. படங்கள் கைப்பேசி வழியே வருகின்றன. சிப்காட் ஆலைகளில் ஷிப்டு முறையில் உழைக்கும் பெற்றோர் தமக்கு ஓய்வான நேரத்தில் பார்க்க அது வசதிதான். ஆனால் அவ்வழியில் பெரும்பாலும் படம் மட்டுமே வருகிறது, இணைப்புகள் வருவதில்லை.

நம்மால் ஆவது

இது பெரிய நிறுவனங்களின் வேலை, நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டியதில்லை. ராஜாஜி எழுதிய "திக்கற்ற பார்வதி" கதையை 1974-இல் சிங்கீதம் சீனிவாசராவ் படமாக்கினார். வீணைக் கலைஞர் சிட்டிபாபு இசையமைத்தார். அது சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. அப்படம் எடுக்கப்பட்டது நம் தொரப்பள்ளியிலேதான்! அன்று பத்து வயதுச் சிறுவராய் வேடிக்கை பார்த்தவருக்கு இன்று அறுபது வயது கடந்திருக்கும். எந்தத் தெருவில் காமிரா நின்றது, யார் வீட்டிலிருந்து குடிதண்ணீர் போயிற்று, கூட்டத்தில் நின்றவர் யார் யார் என்பவை அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளன.

ஆகவே, வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்துக் கேட்போம். அவர்கள் சம்மதத்துடன் கைப்பேசியில் பதிவு செய்து, நாளும் பெயரும் குறித்து, இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துவோம். பரணில் பாட்டுப் புத்தகமோ பழைய இசைத்தட்டோ இருந்தால் பழைய காகிதக்காரரிடம் போடாமல் காப்போம். பெற்றோரும் இதற்கு உதவ வேண்டுகிறோம்.

முடிவுரை

ஐந்து அப்பங்களால் ஐயாயிரம் பேர் பசியாறிய பின்னர், எஞ்சிய துண்டுகளை வீணாக்காமல் சேர்த்து வைக்குமாறு சீடரிடம் சொன்னார் நம் ஆண்டவர் இயேசு. அவ்வாறு சேர்த்தபோது பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். "மீரா" என்னும் விருந்தை மூன்று தலைமுறை உண்டு மகிழ்ந்தாயிற்று. அதன் துண்டுகள் நாடெங்கும் கிடக்கின்றன. "திக்கற்ற பார்வதி"யின் துண்டுகள் நம் ஊர்த் திண்ணைகளிலேயே கிடக்கின்றன. வரும் கோடை விடுமுறையில் நமக்கு வேண்டியது ஒரு கூடை மட்டுமே.